புதன்கிழமை வந்தவள்

"இந்தக் கதவை ரெண்டு தடவை அடிச்சாத்தான் பிடிக்கும், அக்கா."

சைராகுல் இரண்டு தடவை அடித்தாள். பிடிக்கவில்லை. ஓட்டுநர் மம்பெத் குறுக்கே சாய்ந்து தானே இழுத்துச் சாத்தினான்.

"கிளம்பு" என்றாள்.

"இன்னும் மூணு பேர் வரணும். ஒத்தை ஆளை ஏத்திக்கிட்டு கரா-புலுங் வரைக்கும் போனா பெட்ரோலுக்கு நான் எங்க போறது?"

"கிளம்புன்னு சொல்றேன்ல."

மம்பெத் அவளை மேலிருந்து கீழே பார்த்தான். மேலே குளிர்காலக் கோட்டு. காலில் அலுவலகத்துக்குள் மட்டும் போடுகிற துணிச் செருப்பு. சந்தை வாசலின் சேறு அதற்குள் ஏறியிருந்தது. அவன் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இதுக்காகவா?"

அவள் தட்டிய வரிகள்தான். கரா-புலுங்கைச் சேர்ந்த துர்தாகுன் அவர்களின் மூத்த மகன் சமிர் நோவோசிபிர்ஸ்க் நகரில் காலமானதை அறிந்து மாவட்டப் பத்திரிகை ஊழியர்கள் துயரத்தில் பங்கு கொள்கிறார்கள். மூலையில் பத்திரிகையின் சின்னம்.

"அழிச்சிட்டேனே."

"நீங்க அழிச்சிருப்பீங்க. இது என் மச்சான் அனுப்பினது. அவனுக்கு யார் அனுப்பினாங்களோ." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாளைக்கு விடிஞ்சதும் பெரியவங்க எல்லாரும் போய்ச் சொல்றதா ஏற்பாடு."

மம்பெத் வண்டியைக் கிளப்பினான். உருளைக்கிழங்கு மூட்டையோடு இரண்டு பேர் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிறுத்தவில்லை.

சமிரின் சித்தப்பா மகன் இமான்பெக் அன்று மதியம்தான் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்திருந்தான். தொப்பியைக் கழற்றாமல் சைராகுலின் மேஜைக்கு முன் உட்கார்ந்து விவரம் சொன்னான். இதயம் நின்றுவிட்டது. கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே.

சைராகுல் எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டாள். "வீட்டுல சொல்லியாச்சா?"

"இல்ல அக்கா. அவன் தம்பி உலான், விமானத்துல வர்ற உடம்பை வாங்க பிஷ்கெக் போயிருக்கான். காருக்கு சாமான் வாங்கப் போறேன்னு பெரியப்பாகிட்ட சொல்லிட்டுப் போனான். நாளைக்குக் காலையில சொல்றோம். எப்படியும் உங்க பேப்பர் வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிக்கிழமைதான்" என்றாள்.

பேப்பர் என்று ஒன்று வருவது புத்தாண்டோடு நின்றுபோயிருந்தது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காகித விலையும் அச்சகக் கூலியும் சேர்ந்து இழுத்த இழுப்பில் இப்போது எல்லாம் போனில் பத்திரிகையின் சேனலில்தான் வருகிறது. ஆனாலும் மாவட்டம் முழுக்க மக்கள் வெள்ளிக்கிழமை என்றே சொன்னார்கள். புதன்கிழமை பக்கம் முடிகிற நாள், வெள்ளிக்கிழமை வருகிற நாள் என்று பேச்சில் இருந்துகொண்டுதான் இருந்தது.

இமான்பெக் போனதும் அவள் தட்டினாள். படித்துப் பார்த்தாள். கடைசி விசையை அழுத்தினாள். எத்தனையோ வருடமாக அதே விசைதான். முன்பு அதை அழுத்தினால் அறிவிப்பு அடுத்த அறைக்குப் போகும். அங்கே பக்கம் கட்டுகிறவர் இருந்தார். அவர் அதை இரண்டு நாள் வைத்திருப்பார். இப்போது அந்த அறையில் தையற்கடை நடக்கிறது. விசையை அழுத்தினால் நேராக எல்லோர் கைக்கும் போகிறது.

தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் தன் கோட்டுப் பையில் போன் மணி அடித்ததை நினைத்துப் பார்த்தாள். அதே மணி பெரியவர் வீட்டிலும் அடித்திருக்கும்.

ஊரைத் தாண்டியதும் சாலை ஆற்றோடு சேர்ந்துகொண்டது. மார்ச் மாதம். ஓரங்களில் பனி கறுத்துக் கிடந்தது. பத்திரிகை ஆசிரியர் எசென் போனில் கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், தலைநகர் பிஷ்கெக்கில் படித்தவர்.

"போய்ச் சேந்துட்டீங்களா, அக்கா?"

"பாதி வழி."

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த வருஷம் நாம போட்டதுலயே ஜாஸ்தி பேர் பாத்தது அதுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

"பேப்பர நீங்க நிறுத்தினதுல யாருக்கு நஷ்டமோ தெரியாது, எனக்கு நஷ்டம்" என்றான் மம்பெத். அவளைச் சும்மா விடக்கூடாது என்று நினைத்திருப்பான். "என் பொண்டாட்டி ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது அதுலதான். ஈர பூட்ஸுக்குள்ள திணிக்கிறது அதுலதான். பஸ் ஸ்டாண்டுல சூரியகாந்தி விதை விக்கிற கிழவி இப்ப பிளாஸ்டிக் பையில குடுக்கறா. ருசியே போச்சு."

"நீ படிச்சிருக்கியா ஒரு நாளாவது?"

"விதை தின்னு முடிச்சப்புறம் பொட்டலத்தப் பிரிச்சுப் படிப்பேன். பாதி சேதி இருக்கும். மீதி எவன் கையிலயாவது இருக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி முடித்த கையோடு பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்த வந்தவள் சைராகுல். அப்போது ஈய எழுத்து. சோவியத் ஒன்றியம் உடைந்த பின் சம்பளத்துக்குப் பதில் கோதுமை மாவு கொடுத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தீப்பெட்டி கொடுத்தார்கள். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் பிஷ்கெக்கில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். இவ்வளவுதான். யாராவது கேட்டால் இந்த வரிசையிலேயே சொல்வாள்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த மாவு வருடங்களில் ஒரு புதன்கிழமை மாலை, நாலாம் பக்க மெய்ப்பு அவள் முன் வந்தது. கீழே கறுப்புக் கட்டத்துக்குள் அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது. கணவாய்ச் சாலையில் லாரி உருண்டிருந்தது. மறுநாள் காலையில் அவளிடம் சொல்வதற்கு மாமன்மார் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவனுக்கு உறவு தெரியாது. பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சைராகுல் அதைச் சேர்த்தாள். ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தை அடுத்த அறையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மாமன்மார் காலையில் வந்து வழக்கப்படி வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு மெதுவாகச் சொன்னார்கள். அவள் அப்போது அழவில்லை. மாமன்மாருக்கு அது சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு துக்க அறிவிப்புகளை வேறு யார் கையிலும் விடவில்லை. "வீட்டுல சொல்லியாச்சா?" என்று கேட்பாள். இல்லை என்றால் மேஜை இழுப்பறையில் போட்டு அடுத்த வாரம் வரை பூட்டி வைப்பாள். ஆசிரியர்கள் மாறினார்கள். அந்த இழுப்பறை மாறவில்லை.

துர்தாகுனை அவளுக்குத் தெரியும். பேப்பர் நின்ற வாரம் அலுவலகத்துக்கே வந்து மேஜையைத் தட்டினார். அன்றும் புதன்கிழமை. "எனக்குப் பேச்சு வேண்டாம், பேப்பர் வேணும்" என்றார். "இன்னிக்கு என்னால எழுந்து வரவே முடியாது அண்ணே, புதன்கிழமை எங்களுக்குப் பக்கம் முடிக்கிற நாள், பிரளயமே வந்தாலும் நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்று அவள் பழைய பழக்கத்தில் சொன்னாள். "எந்தப் பக்கம்? அதான் பக்கமே இல்லையே!" என்று அவர் கத்த, அறையே சிரித்தது. அடுத்த மாதம் சமிர் யாரிடமோ போன் கொடுத்தனுப்பியிருந்தான். அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சைராகுல்தான் அதில் சேனலைப் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். பெரியவருக்குக் காது மந்தம் என்று, புதுச் செய்தி வந்தால் மணி உரக்க அடிக்கும்படி வைத்தாள்.

அந்த மணிதான் வழி முழுக்க அவள் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

கரா-புலுங்கில் கடை வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள். கார் வந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரி வெளியே வந்து சன்னலில் குனிந்தாள்.

"பதறாத. ஊருல ஒருத்தரும் வாயத் திறக்கல. அவரோட பொத்தான் போனுக்கு யாரும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துலகூடச் சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தப் பெரிய போனுக்கு யார் சொல்றது?"

வீட்டு வாசலில் உலானின் மனைவி புருல் சாணி வாரும் மண்வெட்டியோடு நின்றாள். கண்ணிமை வீங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கியதாகச் சொல்லிவைத்திருக்கிறாள்.

"பாத்துட்டாரா?" என்றாள் சைராகுல்.

"தெரியல. காலையில இருந்து தொழுவத்துலதான் இருக்கார். போன எங்க வைக்கிறார்னே எனக்குத் தெரியாது. கேட்டா சந்தேகப்படுவார்."

தொழுவத்தில் துர்தாகுன் ஒரு குட்டியை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதுதான் பிறந்திருந்தது. தாய் ஆடு அவர் தோளை முகர்ந்தது.

"யாரு? பத்திரிகைக்காரியா?"

"நான்தான் அண்ணே. குட்டிங்க நல்லா இருக்கா?"

"குட்டிங்க நல்லா இருக்கு. நீ எங்க இங்க?"

"ஆசிரியர் அனுப்பினார். குட்டி போடற காலத்தப் பத்தி ஒரு கட்டுரை எழுதணும்னு."

"என்னப் பத்தியா?"

"உங்களப் பத்தித்தான்."

"நாப்பது வருஷமா ஆடு வளக்கறேன். பக்கத்துப் பட்டிக்காரனப் பத்தி மூணு தடவை போட்டீங்க. ஒரு தடவை படத்தோட. அதுல நின்னது என் ஆடு." குட்டியைத் தாயின் மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பார்வை அவள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கியது. செருப்பில் நின்றது. சற்று அதிக நேரம் நின்றது.

"புருல்" என்று கூப்பிட்டார். "இவளுக்கு உன் ரப்பர் பூட்ஸ எடுத்துக் குடு. கட்டுரை எழுத வந்தவ கால் நனைஞ்சு போயிருக்கா."

வீட்டுக்குள் மேஜைத் துணி விரித்து ரொட்டி வைத்தார்கள். புருல் தேநீரில் பால் ஊற்றிக் கொடுத்தாள். கோப்பை ஒன்று அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. உடையவில்லை.

சைராகுல் தாளை எடுத்தாள். உண்மையிலேயே கேள்வி கேட்டாள். துர்தாகுன் உண்மையிலேயே பதில் சொன்னார். இந்த வருடம் இரட்டைக் குட்டிகள் அதிகம். பிப்ரவரியில் வந்த குளிருக்கு இரண்டு போய்விட்டன. ஒரு தாய் தன் குட்டியைச் சேர்க்கவில்லை. அதை அடுப்படியில் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். வைக்கோல் விலை ஏறிவிட்டது. அவர் நிதானமாக, அவள் எழுதி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் காது மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கிருந்து மணி அடிக்கும் என்று பார்த்தது.

கடைசியில் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, அந்தப் போனையும் கொஞ்சம் குடுங்க. சேனல்ல ஏதோ மாத்தியிருக்காங்க. சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

"பேப்பரா?" என்றார். அதை அவர் அப்படித்தான் சொல்வார். பேசுவதற்குப் பொத்தான் போன், படிப்பதற்குப் பேப்பர். எழுந்து, சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளுக்கு நடுவே கையை விட்டார். துணிச்சுருள் வந்தது. பிரித்தார். போன் அணைந்து கிடந்தது. திரையில் தூசிகூட இல்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் எடுப்பேன். எல்லாத்தையும் படிப்பேன். படிச்சு முடிச்சு அணைச்சு வச்சிடுவேன். தினம் தொடறதுக்கு அது என்ன வானொலியா?"

சைராகுல் கோப்பையைக் கீழே வைத்தாள். போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மணி அடிக்கவே இல்லை. அவள் வந்திருக்க வேண்டியதில்லை.

அவர் போனை அவள் கையில் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்" என்றாள். சொன்ன பிறகுதான், பிரளயமே வந்தாலும் எழுந்து வராத கிழமை என்று அவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவர் தலையை ஆட்டினார். அடுப்படியில் அந்தக் குட்டி கத்தியது. புருல் கையில் புட்டியோடு அசையாமல் நின்றாள். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"உலான் காருக்கு என்ன சாமான் வாங்கப் போனான்?" என்றார் துர்தாகுன், யாரையும் பார்க்காமல்.

"பிரேக்னு சொன்னார்" என்றாள் புருல்.

"பிரேக்."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சைராகுலுக்குப் பொய் சொல்ல வந்திருக்காது. அவர் அதையும் பார்த்திருக்க வேண்டும். துணியை மறுபடி போனைச் சுற்றி, மூலைகளை மடித்து, முடிச்சுப் போட்டார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. பிறகு அவள் பக்கம் தள்ளினார்.

"இத நீ வச்சுக்க, தங்கச்சி. எழுத்து கண்ணுக்குப் பிடிபடல. வெள்ளிக்கிழமை முடிஞ்சா வா, நீயே படிச்சுச் சொல்லு. ஆட்டுக்குட்டி சேதி வந்தா அத மொதல்ல படி."

"சரி அண்ணே."

"ராத்திரி இங்கயே தங்கு. புருல் தனியா இருக்கா."

"தங்கறேன்."

அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பாமலே பேசினார். "புருல், பெரிய அறையில நல்ல மெத்தையெல்லாம் எடுத்துப் போடு. கம்பளத்தத் தட்டு. தேநீர்ப் பானைக்குக் கரி எடுத்து வை. காலையில ஆளுங்க வந்தாலும் வருவாங்க." கொஞ்சம் நின்றார். "வர்றவங்க வேலைய அவங்க ஒழுங்காச் செய்யட்டும். நாம தயாரா இருக்கணும்."

புருல் சைராகுலைப் பார்த்தாள். சைராகுல் தன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள். துர்தாகுன் தொழுவத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கே அவர் ஆட்டை அதட்டுகிற குரல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. இரண்டு பெண்களும் மெத்தைகளை எடுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. வெயில் எதிர் மலை உச்சியைத் தொட்டபோது இமான்பெக்கின் அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள். துர்தாகுன் சவரம் செய்து, சுத்தமான சட்டையும் தொப்பியும் அணிந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் முதலில் குட்டிகளைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் கேட்டார்கள். பதில் சொன்னார். பிறகு இமான்பெக்கின் அப்பா சொன்னார். துர்தாகுன் முழுவதையும் கேட்டார். மகனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்ததா என்று கேட்டார். இருந்தார்கள் என்று சொன்னார்கள். அவர் வெளியே போய், வழக்கப்படி கோலை ஊன்றி, சுவரைப் பார்த்து நின்று உரக்க அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவர் அருகில் நின்று அழுதார். பத்து மணி வாக்கில் வாசலில் கூடாரம் போட்டார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க ஒரு குதிரையை அறுத்தார்கள். மதியம் உலான் உடம்பை வண்டியில் கொண்டுவந்தான். சைராகுல் பெண்களோடு மாவு பிசைந்தாள், எண்ணெயில் ரொட்டி பொரித்தாள். சாயங்காலம் மம்பெத் நாலு பேர் சேர்த்துக்கொண்டு அவளையும் ஏற்றினான். பணம் வாங்கவில்லை.

அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. எசென் இருந்தார். அவள் துக்க அறிவிப்பை மறுபடி தட்டி, கடைசி விசையை அழுத்தினாள். ஆட்டுக்குட்டிக் கட்டுரையையும் தட்டினாள். அதை அனுப்பாமல் வெள்ளிக்கிழமைக்கென்று வைத்தாள். புருலின் ரப்பர் பூட்ஸைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டாள். அவளுடைய சொந்த பூட்ஸ் அறைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் நேற்று விட்ட இடத்திலேயே இருந்தது. காய்ந்திருந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துணி முடிச்சு கோட்டுப் பையில் இருந்தது.